தமிழில் பூட்டிய பெயர்கள்

பித்தளையைக் கடையும்போது ஒரு வாசனை வரும். மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, விழுங்கினாலும் போகாத வாசனை. கதவுச் சாவி தேய்ந்துவிட்டதென்று இன்று மதியம் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதிக்குப் போனேன். அங்கே மூலையில், செருப்பும் தைத்துச் சாவியும் வெட்டித் தரும் அந்தச் சின்னக் கடை. இயந்திரம் சுழன்று மஞ்சள் தூள் பறந்ததும் நீ என் பக்கத்தில் நின்றாய். கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, கடைக்காரரான லெபனான்காரர் நம் எழுத்தை ஒழுங்காகச் செதுக்குகிறாரா என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு.

சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன். உனக்குத் தெரியாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. நீ போன பிறகு எனக்குத் தெரிய வந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இத்தனை நாள் வைத்திருந்ததே பெரிய பாடு. ஆனால் அதை மட்டும் எடுத்துச் சொன்னால் நீ நம்பமாட்டாய், "சும்மா சொல்லாதை" என்பாய். ஆகவே பூட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டாயிரங்களின் பிற்பாதி அது. கால்வாயின் மேலே, சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் நடைபாலத்தின் கம்பிகளில் அந்தக் கோடையில்தான் பூட்டுகள் தொங்கத் தொடங்கியிருந்தன. காதலர்கள் பெயரெழுதிப் பூட்டிவிட்டு, சாவியைத் தண்ணீரில் போட்டுவிடுவார்களாம். ஐரோப்பாவில் எங்கேயோ ஆரம்பித்து இங்கே வந்த பழக்கம். நீ சைக்கிளில் போகும்போது அதைப் பார்த்துவிட்டு வந்து, நாமும் ஒன்று போடவேண்டும் என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது தாண்டிய இரண்டு பேர், நீ விமானங்களுக்குச் சாப்பாட்டு வண்டி ஏற்றுகிறவன், நான் கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பூட்டு வாங்கிக்கொண்டு போவதா என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. உனக்கு அது விளையாட்டாக இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சரி, ஆங்கிலத்தில் இரண்டு முதலெழுத்து, நடுவில் ஒரு கூட்டல் குறி என்றேன். எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள்.

"உது ஆரின்ர பேராயும் இருக்கலாம்," என்றாய். "முழுப்பேர் போடுவம். தமிழில போடுவம்."

"தமிழ்ல போட்டா இங்க யாருக்குப் புரியும்?"

"எங்கட சனத்துக்கு விளங்கும். அது காணும்."

உனக்கு அது போதுமாம். நம் இருவர் பெயரும் 'ன்' என்று முடிகிறவை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பூட்டைப் பார்த்தால், அதற்குமேல் எதையும் விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் மற்ற எல்லோருக்கும் அது வெறும் வளைகோடுகள். நீ அந்த மற்ற எல்லோருக்காகவும் எழுத நினைக்கவில்லை.

லெபனான்காரருக்கு நீ ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தாய். அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, இத்தனை வளைவு இருந்தால் நேரம் பிடிக்கும், காப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்று பிரெஞ்சில் சொன்னார். நீ நகரவில்லை. பிறகு அவர், மேலே இருப்பது யார், கீழே இருப்பது யார் என்று கேட்டார். மேலே நான், கீழே இவர் என்று நீ விரலால் காட்டினாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் இயந்திரத்தை ஓட்டினார். கடைசியில், ஒரு புள்ளி விட்டுப் போயிற்று என்று நீ சொன்னபோது, சரியாக அந்த 'ன்'னின் மேலே புள்ளியை வைத்துக் கொடுத்தார்.

பாலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஐஸ்கிரீம் தின்னும் பிள்ளைகள், சைக்கிள்கள், நாய்கள். நீ குந்தியிருந்து பூட்டைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்க்காமல் பாலத்தின் இரண்டு முனைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தலை நிமிராமலே கேட்டாய்.

"ஆரைத் தேடுறாய்?"

"நம்ம ஆளுங்க யாராவது வராங்களான்னு பாக்கறேன்."

"நானும் அதைத்தான் பாக்கிறன். ஆராவது வந்தா நல்லம்."

பூட்டு கிளிக் என்றது. திறப்பு என்று நீ சொல்லும் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, எறி என்றாய். நான் கம்பியின் மேலாகச் சாய்ந்து, எறியாமல், மெல்ல நழுவவிட்டேன். உனக்கு அது பிடிக்கவில்லை. எறிவதற்குக்கூடப் பயப்படுகிறாய் என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாய்.

எனக்குப் பயம் இருந்தது உண்மை. நாம் ஒரே வீட்டில் வசிக்கத் தொடங்கி அப்போது நாலைந்து வருடம் ஆகியிருந்தது. விமான நிலையம் இருக்கும் டோர்வலில் பனி கொட்டிய ஒரு நாள் பஸ் வராமல் நின்ற இடத்தில், நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு, "நீர் இந்தியாவோ?" என்று கேட்டாயே, அன்றிலிருந்து தொடங்கிய கதை. 'நீர்' என்ற சொல்லை நான் அதுவரை மேடை நாடகத்தில்தான் கேட்டிருந்தேன். சில மாதங்களில் ஒருநாள், சமையலறையில் என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டே, "நீ விடு, நான் வெட்டுறன்," என்றாய். நீர் போய் நீ வந்த அந்த நாளை நான் மறக்கவில்லை. அதன் பிறகு ஊருக்கெல்லாம் நாம் ரூம்மேட். உன் அண்ணை வீட்டுக்கு நான் சாப்பிட வந்தால், இந்தியத் தம்பிக்கு உறைப்புக் காணுமோ என்று உன் அண்ணி அக்கறையாகக் கேட்பார். திருச்சியில் என் வீட்டுக்கு மட்டும் தெரியும். நான் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அம்மா மட்டும்தான் பேசுவார், அதுவும் அப்பா வெளியே போன நேரம் பார்த்து. அந்த ஒரு தடவை சொன்னதிலேயே என் தைரியம் தீர்ந்துவிட்டது போலிருந்தது. உனக்கோ அது தீராத சரக்கு.

இலையுதிர்காலத்தில் ஆப்பிள் வாங்க உன் அண்ணை குடும்பத்தோடு அந்தச் சந்தைக்குப் போனார். அவர்கள் வீடு இருக்கும் ரொக்ஸ்பரோவிலிருந்து அவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள் என்று தெரியவில்லை. வந்தார்கள். பாலத்தில் நடக்கும்போது அவர் மகள் அபி பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அப்போது அவளுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதுகொண்டு போகிறவள். அவள் ஓரிடத்தில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். முதலில் உன் பெயரை. பிறகு என் பெயரை. வாசித்துவிட்டு, சித்தப்பா, என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தாளாம்.

அடுத்த நாளே அண்ணை நம் வீட்டுக்கு வந்தார். காலணியைக் கழற்றவில்லை. உட்காரச் சொன்னேன், காதில் விழாதவர் போல நின்றார். உன்னைவிடப் பதினாலு வயது மூத்தவர். உன் அப்பா இறந்த பிறகு உனக்கு அப்பாவாக இருந்தவர். வந்த புதிதில் உணவகங்களில் பாத்திரம் கழுவி, பிறகு கையெழுத்துப் போட்டு உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர். அவர் கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் குரல் எழும்பவே இல்லை.

"பிள்ளை தமிழ் வாசிக்கிறாள் எண்டு சந்தோசப்பட்டன்," என்றார். "ஒரு நிமிசம் சந்தோசப்பட்டன்."

நீ அவர் முன்னால் வந்து நின்றாய்.

"அந்தப் பூட்டைக் கழட்டு. பிறகு மற்றதைக் கதைப்பம்."

"திறப்பு இல்லை அண்ணை. கால்வாய்க்குள்ள கிடக்கு."

"அப்ப வெட்டு."

"நான் வெட்டமாட்டன்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்த வாதங்கள்தான். என் அப்பாவும் அதையேதான் சொல்லியிருந்தார். கோயிலில் எல்லோருக்கும் நம்மைத் தெரியும், நாளைக்கு அபிக்கு ஒரு நல்லது நடக்க வேண்டும், உள்ளுக்குள் எப்படியாவது இருந்துவிட்டுப் போங்கள், அதைக் கம்பியில் தொங்கவிட வேண்டுமா. இதற்காகவா உன்னைக் கூப்பிட்டேன் என்று கடைசியில் கேட்டார். அந்தக் கேள்வி உன்னை உடைக்கும் என்று நினைத்தேன். நீ அவர் முகத்தைப் பார்த்து, மெதுவாகப் பதில் சொன்னாய்.

"நீங்கள் கூப்பிட்டது என்னைத்தானே அண்ணை. நான் இதுதான். உங்களுக்கு அதை வெட்டவேணுமெண்டால் வெட்டுங்கோ. ஆனா பகலில போய் வெட்டுங்கோ. சனம் பாக்க வெட்டுங்கோ."

அவர் போய்விட்டார். கதவை அடிக்கக்கூட இல்லை. நீ பால்கனிக்குப் போய்க் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். நான் கோட்டைக் கொண்டுவந்து உன் தோளில் போட்டபோது உன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணை இல்லாமல் இந்த நாட்டில் தனக்கு ஒருவரும் இல்லை என்று சொன்னாய். கொஞ்சம் கழித்து, "நீ இருக்கிறாய்தான்," என்று சேர்த்துக்கொண்டாய். உன்னைத் தைரியசாலி என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். அவர்கள் அந்த நடுக்கத்தைப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். அதனால்தான் அவர்களைவிட எனக்கு உன்மேல் மதிப்பு அதிகம்.

பிறகு அண்ணை வீட்டிலிருந்து போன் வரவில்லை. தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் நாம் பலமுறை பாலத்துக்குப் போனோம், பூட்டு இருக்கிறதா என்று பார்க்க. கம்பியெல்லாம் பனி உறைந்து, எது யாருடைய பூட்டென்று தெரியாமல் கிடக்கும். நீ கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் பனியைச் சுரண்டி எடுப்பாய். முதலில் உன் பெயரின் முதலெழுத்து தெரியும். அதற்குமேல் சுரண்டமாட்டாய். இருக்கிறது, வா போவோம் என்பாய்.

கோடையில் டொலார்ட் முருகன் கோயில் தேர் வந்தது. இந்த வருடம் வேண்டாம், கூட்டத்தில் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்றேன். நீ இரண்டு வேட்டிகளை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டு, குளிக்கச் சொன்னாய். போனோம். ஐயர் எல்லோருக்கும் தருவது போல விபூதி தந்தார், நம் நெற்றியைப் பார்த்தாரே தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வடம் பிடிக்கும் இடத்தில்தான் அது நடந்தது. நாம் போய் வடத்தில் கை வைத்ததும், முன்னால் நின்றவர் கையை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். அவரோடு இன்னொருவரும் போனார். போகும்போது, பூட்டுக்காரர் வந்திட்டினம் என்று ஒரு குரல் கேட்டது. நமக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீ திரும்பினாய்.

"ஓம், நாங்கள்தான்," என்றாய். "வந்து பிடியுங்கோ, தேர் பாரம்."

சொன்னவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. விட்டுப்போன இடத்தில் கொஞ்ச நேரம் கயிறு வெறுமையாகத் தொங்கியது. பிறகு நமக்குத் தெரியாத ஒரு பெடியன் வந்து பிடித்தான், அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். தேர் நகர்ந்தது. மற்ற வடத்தில் அண்ணை நிற்பதை நான் பார்த்தேன். அவரும் நம்மைப் பார்த்தார். வெயிலில் வியர்த்து, அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கயிற்றில் ஒரே தேரை இழுத்தீர்கள். வேலியோரமாக நின்ற அபி மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் கையை அசைத்தாள். நீ வடத்தைப் பிடித்த கையால் பதிலுக்கு அசைக்கமுடியாமல் தலையை ஆட்டினாய்.

அடுத்த இளவேனிலில் பாலத்துக்குப் போனபோது நம் பூட்டு இல்லை. நான் அந்த ஒரு கம்பியை மட்டும்தான் பார்த்தேன். அண்ணை வெட்டிவிட்டார் என்று சொல்லிவிட்டேன், எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீ பாலத்திலேயே நின்று போனை எடுத்து அவருக்கு அடித்தாய். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. நீங்களோ வெட்டினது என்று கேட்டாய். "நான் வெட்டேல்லை," என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அதோடு வைத்துவிட்டார். அப்புறம்தான் நாம் பாலத்தின் மற்றக் கம்பிகளைப் பார்த்தோம். ஒரு பூட்டும் இல்லை. பாலத்துக்கு வர்ணம் பூச வந்தவர்கள் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, சீனம், அரபு, இதயப் படம், கூட்டல் குறி, எதையும் விட்டுவைக்கவில்லை. நீ சிரிக்கத் தொடங்கினாய். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

"எங்களையும் மற்ற ஆக்களைப்போலத்தான் நடத்தியிருக்கிறாங்கள்," என்றாய். "இதைவிட என்ன வேணும்?"

வீட்டுக்கு வரும் வழியில், பூட்டு இனி வேண்டாம், கல்யாணம் செய்வோம் என்றாய். அதைக் கேட்கவும் இல்லை, சொல்லிவிட்டாய். இந்த மாகாணத்தில் நம்மைப் போன்றவர்கள் சட்டப்படி மணம் செய்ய வழி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நீ அந்தச் செய்தி வந்த நாளிலிருந்தே மனதுக்குள் வைத்திருந்தாய் போல. நீதிமன்றக் கட்டடத்தில், சாதாரணமான ஓர் அறையில் அது நடந்தது. சாட்சிக்கு உன்னோடு வேலை செய்த ஹெய்ட்டிக்காரப் பெண்ணும், சாவிக்கடை லெபனான்காரரும் வந்தார்கள். அவரை நீ எப்போது கூப்பிட்டாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் டை கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சொல்வது போல, இந்தத் தடவை தண்ணீரில் எதையும் போட்டுவிடாதீர்கள் என்றார். அண்ணைக்கும் சொல்லியனுப்பியிருந்தாய். அவர் வரவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் நீ கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாய்.

அந்த வருடக் கடைசியில் உனக்கு வயிற்றுவலி வந்தது. வண்டி தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று நீ சொன்னாய், நானும் நம்பினேன். கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அவசரப் பிரிவில் முதல் நாள் தாதி என்னிடம், நீங்கள் இவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கணவன் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார், மேசையில் எந்தப் பேனா நீலம் எந்தப் பேனா கறுப்பு என்பது போல, சாதாரணமாக. உருளும் கட்டிலில் சுருண்டு கிடந்த நீ என் கையைத் தட்டினாய்.

"பிரெஞ்சில வடிவாய்ச் சொல்லுறாய். தமிழிலயும் சொல்லிப் பழகு."

"தமிழ்ல யாருகிட்டடா சொல்றது இங்க?"

"ஆராவது கேப்பினம். எங்கட ஊரில மனுசிமார் சொல்லுவினம், என்ர மனுசன் எண்டு. அப்பிடிச் சொல்லு, காணும்."

வலியிலும் உனக்கு வாயடங்கவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். கடைசி வாரத்தில் அண்ணை வந்தார். யார் சொன்னதென்று தெரியவில்லை. உன் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வைக்கு மேலாகக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நீ கண்ணைத் திறந்து பார்த்தாய், அண்ணை, என்றாய், மறுபடி மூடிக்கொண்டாய். நீங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மிச்சத்தை நான் பேசினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போன மறுநாள் காலை ரொக்ஸ்பரோ வீட்டில், சாப்பாட்டு மேசையில் அண்ணை எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மரண அறிவித்தலைத் தமிழ் இணையத்தளத்துக்கும் பத்திரிகைக்கும் அனுப்ப வேண்டும். உனக்குத் தெரியும், உன் ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு முக்கியமென்று. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இன்னாரின் மகனும், இன்னாரின் சகோதரனும், இன்னாரின் மாமனும் என்று உறவு முழுவதையும் வரிசையாகச் சொல்லி, உலகம் பூராவும் இருக்கிற சொந்தக்காரர் படிப்பார்கள். அண்ணை அதை எழுதி முடித்து என்னிடம் வாசித்துக் காட்டினார். அம்மா, அப்பா, அண்ணை, அண்ணி, அபி, இலண்டனில் இருக்கிற மச்சான் எல்லோரும் இருந்தார்கள். நான் இல்லை.

என் பெயர் வர வேண்டும் என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

"தம்பி," என்றார் அண்ணை. "அவன் போயிட்டான். இனி ஏன்?"

"அவர் போயிட்டார். நான் இருக்கேன்ல."

அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றார். நான் விடவில்லை. நண்பர் என்று போடட்டுமா என்று அண்ணை கேட்டார். வேண்டாம் என்றேன். உற்ற நண்பர் என்றார். அதுவும் வேண்டாம். எல்லோருக்கும் போடுகிற மாதிரி, இன்னாரின் அன்புக் கணவரும் என்று போடுங்கள், இல்லாவிட்டால் நானே தனியாக ஓர் அறிவித்தல் கொடுப்பேன், ஒரே ஆளுக்கு இரண்டு அறிவித்தல் வந்தால் சனம் இன்னும் அதிகமாகப் பேசும் என்றேன். நீ இருந்து கேட்டிருந்தால், எங்கிருந்தடா உனக்கு இது வந்தது என்றிருப்பாய்.

அண்ணை பேனாவை மேசையில் வைத்துவிட்டார். பிறகு, என்னிடம் இல்லை, அந்தப் பேனாவிடம் சொல்வது போலப் பேசினார்.

"நான் ஒருநாள் போனனான் அந்தப் பாலத்துக்கு. பெரிய கட்டர் ஒண்டு வாங்கிக்கொண்டு போனனான். அவன் சொன்ன மாதிரிப் பகலிலதான் போனனான்."

அவர் பேனாவை விரலால் உருட்டிக்கொண்டே தொடர்ந்தார்.

"பூட்டின்ர வளையத்தில வைச்சிட்டன். அமத்தவேண்டியதுதான். பேரைப் பாத்தன். அந்தப் பேரை அவனுக்கு வைச்சது நான். ஆசுப்பத்திரியில அம்மா என்னட்டைத்தான் கேட்டவா, தம்பிக்கு என்ன பேர் வைப்பம் எண்டு. எனக்கு வெட்ட ஏலாமப் போச்சு."

இதுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வெட்டவில்லை என்று போனில் சொன்னது உண்மை. ஆனால் வெட்டப் போயிருந்தார். போய், உன் பெயரோடு என் பெயரும் இருந்த அந்தப் பூட்டைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்பி வந்திருக்கிறார். உன்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கேட்டு வாங்க உனக்கு நாள் இல்லை.

அதற்குப் பிறகு அவர் பேனாவை எடுத்தார்.

"உம்முடைய அப்பான்ர பேர் என்ன?"

அறிவித்தலில் முழுப்பெயராகப் போடுவதற்குக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. வருடக்கணக்கில் என்னோடு பேசாத என் அப்பாவின் பெயரைச் சொன்னேன். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அண்ணை எழுதினார், என் பெயரையும் எழுதினார், அதன்பின் 'அவர்களின் அன்புக் கணவரும்' என்று எழுதினார். எழுதி முடித்ததை அண்ணி வாங்கி ஒருமுறை படித்துவிட்டு, காற்புள்ளி விட்டுப்போயிருக்கு என்று மட்டும் சொன்னார்.

"எல்லாரும் போன் பண்ணுவாங்க," என்றேன், திடீரென்று எனக்கே பயம் வந்து.

"எடுத்தால் நான் கதைக்கிறன்," என்றார் அண்ணை.

எடுத்தார்கள். அன்று மாலை வரைக்கும் எடுத்தார்கள். நோர்வேயிலிருந்து யாரோ ஒரு மாமா, அறிவித்தலில் எழுத்துப்பிழை வந்துவிட்டது, மனைவியின் பெயருக்குப் பதிலாக ஓர் ஆணின் பெயர் விழுந்திருக்கிறது, உடனே திருத்தச் சொல்லு என்றாராம். அண்ணை கூடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி நின்றுகொண்டு பதில் சொன்னார். "பிழையில்லை மாமா. நீங்கள் வாசிச்சது சரி." அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. இறுதிச் சடங்கில் நான் மூன்றாவது வரிசையில் உட்காரப் போனபோது அவர் வந்து என் முழங்கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போனார். அவர் ஒரு பக்கம், அபி ஒரு பக்கம், நடுவில் நான். சிலர் கை கொடுக்காமல் போனார்கள். சிலர் கொடுத்தார்கள். கொடுக்காதவர்களின் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்தேன், ஒவ்வொருவராக.

எல்லாம் மாறிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அப்பா இன்னும் பேசவில்லை. தன் பெயர் அந்த அறிவித்தலில் வந்ததை யாரோ காட்டியிருக்கிறார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார், திட்டவும் இல்லை என்றார். பூட்டுக்காரர் என்ற பெயர் எனக்கு மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது, கோயிலில் இப்போதும் காதில் விழும். அண்ணையும் நானும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பனி அதிகமாக விழுந்தால் மட்டும் போன் செய்து, காரை எடுக்க வேண்டாம் என்பார்.

போன சனிக்கிழமை என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பதி சாப்பிடக் கூப்பிட்டார்கள். மதுரைப் பக்கம். வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, வீட்டில் இன்னும் நாற்காலிகள் இல்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தப் பெண் ரசம் ஊற்றிக்கொண்டே, அண்ணா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்டாள். எல்லோரும் கேட்கிற கேள்வி. எத்தனையோ வருடம் நான் சிரித்து மழுப்பிய கேள்வி. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் பதில் எளிது. பிரெஞ்சில் இன்னும் எளிது. அவள் தமிழில் கேட்டாள்.

"ஆயிடுச்சும்மா," என்றேன். "என் மனுசன் யாழ்ப்பாணத்துக்காரர். இறந்துட்டார்."

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. அவள் கணவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன், கண்ணைத் தாழ்த்தவில்லை. எழுந்து போகச் சொன்னால் போவது, மன்னிப்பு மட்டும் கேட்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அவள் ரசத்தை ஊற்றி முடித்தாள். பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"அவர் எப்படி இருப்பார்?" என்று கேட்டாள்.

"சண்டைக்காரர்," என்றேன். பிறகு வெகுநேரம் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.